கோட்டைக்குள் கவாத்து

வேலூர்க் கோட்டைக்குள் போலீஸ் பயிற்சிப் பள்ளி வெகுகாலம் நடந்தது. திப்பு மகால், ஐதர் மகால் என்று சனங்கள் சொல்கிற கட்டடங்கள் அதன் வசம் இருந்தன. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை.

1806 ஜூலை 10 விடியுமுன் இதே கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். திப்புவின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்தது ஒரு பக்கம். உடனடிக் காரணம் உடல்தான்: நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழி, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்ற உத்தரவுகள். தோலால் பிழைக்கிற ஆம்பூர், பேரணாம்பட்டுக்காரர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தத் தோல் மீதான அருவருப்புக்குள் சாதியும் இருந்தது. கலகத்தைக் கொண்டாடுகிற நாம் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி வந்து அன்றைக்கே அடக்கினார். தலைப்பாகை உத்தரவு வாபஸ் ஆச்சு. கவாத்து வாபஸ் ஆகவில்லை.

வரிபாக்கிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதையை 1855இல் விசாரணைக் கமிஷன் எழுதிவைத்தது. அதற்கு மருந்து என்று வந்ததுதான் 1859 போலீஸ் சட்டம். மருந்துச் சரக்கு எங்கிருந்து? பட்டாளத்திலிருந்தும் அயர்லாந்துக் காவல்படையிலிருந்தும். சிப்பாயின் உடல் செய்யப்படுவது பற்றி ஃபூக்கோ 1975இல் எழுதினார். நமக்குச் சாட்சி சொல்ல இந்த மைதானமே போதும்.

வகுப்பறையில் சட்டம் சொல்லித்தருகிறார்கள், மறுக்கவில்லை. மேலதிகாரியின் தவறான உத்தரவுக்கு முடியாது என்று சொல்வதை எந்தக் கவாத்து சொல்லித்தருகிறது? 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதி வகுத்தது: கைதுக் குறிப்பு எழுது, சாட்சிக் கையெழுத்து வாங்கு, வீட்டுக்குத் தகவல் சொல்லு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன தகப்பனும் மகனும் செத்தது அதற்கு 23 வருசம் கழித்து.