பூம்-சிக்: கிட்டார் படிப்பித்த ஒருவரின் கதை

கிட்டார் பழகும் பிள்ளைகளிடம் கன்ட்ரி ரிதம் என்று கேட்டால் யூடியூப் பார்த்துவிட்டு அன்றே வாசித்துக் காட்டுவார்கள். ஜி, சி, டி என்று மூன்று கோட். பெருவிரல் தடித்த தந்தியில் ஒரு தட்டு, பிறகு மெல்லிய தந்திகளில் மேலிருந்து கீழாக ஒரு வருடல். பூம்-சிக். அடுத்த பூமுக்குப் பெருவிரல் வேறு தடித்த தந்திக்கு மாறும்: ஜி கோட்டில் ஆறாம் தந்தி, அடுத்தது நான்காம் தந்தி, சி கோட்டில் ஐந்து, பிறகு நான்கு. ட்ரம் இல்லாமலே தாளம் நிற்கும். அடிப்படை அவ்வளவுதான். கை படியத்தான் மாதக்கணக்கு ஆகும்.

இதை யார் யாருக்குப் படிப்பித்தார்கள்? ஆசிரியர்களான நமக்கு இந்தக் கேள்விதான் முக்கியம்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக் கிராமங்களில் முன்பு ஃபிடிலும் பாஞ்சோவும்தான் ராஜா. பாஞ்சோ, ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியாக வந்த வாத்தியம். சியர்ஸ் போன்ற கம்பனிகளின் தபால் விற்பனைப் பட்டியல்கள் மலிவான கிட்டார்களை அந்த மலைவீடுகள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தன.

1927 ஓகஸ்ட் தொடக்கத்தில் டென்னசி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் விக்டர் கம்பனிக்காக ரால்ஃப் பீர் இசைத்தட்டுப் பதிவு நடத்திக்கொண்டிருந்தார். கார்ட்டர் குடும்பம் என்று மூன்று பேர் வந்தார்கள்: ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, கிட்டாருடன் மேபெல். மேபெலுக்கு வயது 18, வயிற்றில் பிள்ளை. பெருவிரலால் தடித்த தந்திகளில் பாட்டின் மெட்டையே வாசித்துக்கொண்டு, சுட்டுவிரலால் மெல்லிய தந்திகளில் தாளத்தை வருடினார். இரண்டு பேர் வாசிக்க வேண்டியதை ஒரு கை செய்தது. இன்றும் அதைக் 'கார்ட்டர் ஸ்க்ராட்ச்' என்கிறார்கள்.

அடுத்து வருபவர்தான் நம் கதையின் ஆள். லெஸ்லி ரிடில், கறுப்பினத்தவர், டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் வளர்ந்தவர். சீமெந்துத் தொழிற்சாலை விபத்தில் வலது காலின் கீழ்ப்பகுதி போயிற்று. துப்பாக்கி விபத்தில் வலக்கையின் இரண்டு விரல்களும் போயின. மீதி விரல்களோடு தனக்கென்று ஒரு வாசிப்பு முறையை உண்டாக்கிக்கொண்டார்.

1928 அளவில் ஏ.பி. கார்ட்டர் அவரைச் சந்தித்தார். இருவரும் ஊர் ஊராகப் பழைய பாட்டுகளைத் தேடிப் போனார்கள். கறுப்பர், வெள்ளையர் ஒன்றாக உட்காரச் சட்டமே தடைபோட்ட தெற்கு அது. ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டு அவருக்கு மனதில் நிற்காது. மெட்டை நினைவில் வைத்துக்கொண்டு வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தது ரிடில். அவரது கிட்டார் வாசிப்பைப் பார்த்து மேபெலும் படித்துக்கொண்டார்.

இங்கே ஒரு பிசகு பரவியிருக்கிறது. மேபெலின் ஸ்க்ராட்ச் முழுக்க ரிடில் கொடுத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். மறைக்கப்பட்டவருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்ற அந்த நல்ல மனம் நமக்கு விளங்குகிறது. ஆனால் திகதியைப் பாருங்கள்: பிரிஸ்டல் பதிவு 1927, ரிடில் வந்தது அதற்குப் பிறகு. மேபெலின் கை அந்த முதல் தட்டுகளிலேயே பேசுகிறது. இல்லாத ஒன்றை ரிடிலுக்குக் கொடுக்கத் தேவையில்லை. பிற்காலத்து வாசிப்பில் வந்த விரல் நுட்பமும், அவர் வழியாக வந்த மெட்டுகளும் போதாதா? அப்படிச் சேர்ந்த பாட்டுகள் வெளியானபோது இசைத்தட்டில் இருந்தது ஏ.பி. கார்ட்டரின் பெயர். ரிடிலின் பெயர் இல்லை.

மேபெலின் மருமகனாக ஆன ஜோனி கேஷ் 1950களில் மெம்ஃபிஸில் பதிவு செய்தபோது அவருடைய குழுவில் ட்ரம் வாசிக்க ஆளில்லை. கிட்டார் தந்திகளுக்கிடையே காகிதத் துண்டொன்றைச் செருகி, வருடும்போது வரும் அந்தச் 'சிக்'கை ட்ரம் சத்தம்போல் ஆக்கினார். பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம், செலவில்லை.

ரிடில் பிறகு நியூயோர்க் மாநிலத்தின் ரோசெஸ்டருக்குக் குடிபெயர்ந்தார், வாசிப்பதையும் விட்டுவிட்டார். 1965 இல் மைக் சீகர் என்ற இசைக் கலைஞர் மேபெல் சொல்லித்தான் அவரைத் தேடிப் பிடித்தார். மறுபடி கிட்டாரைக் கையில் கொடுத்துப் பல வருடங்களாகப் பதிவு செய்தார். அவை இசைத்தட்டாக வந்தது 1993 இல், ரிடில் இறந்து பத்து வருடத்துக்கும் மேலான பிறகு. அட்டையில் அவர் பெயர் இருந்தது.