கூலியை எந்தக் காசில் அளப்பது?

இந்த ஆண்டு நினைவுப் பேருரையில் நாணயத்தைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தபோது நண்பர்கள் சிலர் தயங்கினார்கள். பஞ்சமி நிலம், கோயில் நுழைவு, ஆணவக் கொலை என்று பேச எவ்வளவோ கிடக்கையில் பிட்காயின் நமக்கு எதற்கு என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு நாடு கிரிப்டோ நாணயத்தையே தன் தேசிய நாணயமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று நம் பிள்ளைகள் இன்று கைப்பேசியும் கையுமாக வாதிடுகிறார்கள். அரசின் தயவு வேண்டாத காசு, வங்கி வாசலில் கைகட்டி நிற்கவிடாத காசு, சாதி தெரியாத காசு என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. அதை நாம் ஏளனம் செய்யக் கூடாது. நாணயத்தின் அளவை ஆட்சியாளரின் விருப்பத்துக்கு விடலாமா என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். அவருக்கும் முன்னால், தாமிரபரணிக் கரையின் களத்துமேடுகளில் மரக்காலுக்கு முன் நின்று நம் முன்னோர் அதைக் கேட்டிருக்கிறார்கள்.

பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை கால்வாய்களால் நனைகிற நஞ்சை இது. காரும் பிசானமும் விளைந்த மண். 1801இல் திருநெல்வேலிச் சீமை கும்பினியின் முழு ஆட்சிக்குள் வந்தபின், சர்க்காருக்குச் சேர வேண்டிய நெல்லுக்கு விலை போட்டுப் பணமாக வாங்கும் முறை நிலைபெற்றது. மிராசுதார் பண உலகத்துக்குள் போனார். நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் கூலி நெல்லாகவே தொடர்ந்தது. ஒரே வயல், இரண்டு நாணயங்கள். கொடுக்க ஒரு மரக்கால், வாங்க ஒரு மரக்கால் வைத்திருந்த பண்ணைகளைப் பற்றி நாமெல்லாம் வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்தவர்கள்தாம்.

நெல்கூலியை முழுக்கப் பழிப்பதும் சரியல்ல. விலைவாசி ஏறும்போது நெல்லாக வாங்கியவர் வயிறு காயவில்லை. காசாக வாங்கியவரே ஏமாந்தார். ஆனால் நெல்லைக் கொடுத்து ரயில் ஏற முடியாது. ஊரைவிட்டுப் போக முடியாதபடி கட்டிப் போடுகிற கூலி அது. காசு கிடைத்தால் கால் நகரும். அதனால்தான் நம் மக்கள் காசை விரும்பினார்கள். அந்தக் காசும் ஊருக்குள் என்ன பாடுபட்டது? கடைக்காரர் கையில் வாங்க மாட்டார். தரையில் வைக்கச் சொல்லித் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார். காசுக்குச் சாதி இல்லை என்று இன்று சொல்பவர்கள் இந்தத் தண்ணீரை மறந்துவிட வேண்டாம்.

காசு தேடிய கால்கள் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைக்குப் போயின. அங்கே கூலி ரூபாயில். ரூபாய் என்பது வெள்ளி. தோட்டக்காரர் தேயிலையை லண்டனில் விற்று வாங்கியது தங்கத்தின் மதிப்புள்ள பவுன். ஜெர்மனி முதலிய நாடுகள் 1870களில் தங்கத்துக்கு மாறியபின் வெள்ளி சரிந்தது. 1870களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 2 ஷில்லிங் பெறுமானமாக இருந்த ரூபாய், 1892-93 வாக்கில் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. ஒவ்வொரு சரிவிலும் தோட்டக்காரருக்கு ஒரு பவுனுக்குக் கூடுதல் ரூபாய் கிடைத்தது. கொழுந்து பறித்தவளின் நாள்கூலி எண்ணளவில் அப்படியே நின்றது. அதிலும் அரிசிக்கென்று தோட்டம் பிடித்துக்கொண்டது போகத்தான் மீதி.

இலங்கைத் தோட்டங்களில் இன்னொரு நாணயமும் புழங்கியது. அதன் பெயர் துண்டு. இந்தக் கங்காணியின் கூட்டம் இவ்வளவு கடன்பட்டிருக்கிறது, அதைக் கட்டுகிறவர் இவர்களை அழைத்துப் போகலாம் என்று தோட்டத்து துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. அந்தக் காகிதத்தைக் காட்டி, அடுத்த தோட்டத்தில் பணம் வாங்கிப் பழைய கடனை அடைப்பார் கங்காணி. கைமாறக் கைமாறத் தொகை ஏறுவது வழக்கம். ரிசர்வ் வங்கியும் இல்லை, அரச முத்திரையும் இல்லை. தோட்டங்கள் தங்களுக்குள் நம்பிக் கைமாற்றிய தனியார் பணம். அதற்கு ஈடாக வைக்கப்பட்டிருந்தவை நம் பாட்டன் பாட்டிமாரின் உடல்கள். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. அரசின் கை படாத பணம் என்றாலே விடுதலை என்று நினைக்கும்போது நமக்கு இந்தத் துண்டு நினைவுக்கு வர வேண்டும்.

அம்பேத்கர் லண்டன் பொருளியல் பள்ளியில் ஆய்வேடாக எழுதி, 1923இல் நூலாக வந்தது ‘ரூபாயின் பிரச்சினை’. ஆசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். முழுக்க உடன்படாமலேயே எழுதினார் என்பது அந்த இருவருக்கும் பெருமை. 1893இல் அக்கசாலைகள் வெள்ளிக்கு மூடப்பட்டதும், ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸில் நிறுத்தப்பட்டதும், அதன்மேல் எழுந்த தங்கப் பரிமாற்றத் திட்டமும் அந்நூலின் பொருள். அத்திட்டத்தைக் கெய்ன்ஸ் போன்றவர் மெச்சினார். அம்பேத்கர் ஏற்கவில்லை. எவ்வளவு ரூபாய் அடிக்கலாம் என்பதற்குக் கடிவாளமே இல்லாத ஏற்பாடு என்றார். வெளியீட்டுக்கு மாறாத வரம்பு வேண்டும் என்றார். 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் பிட்காயின் உண்டாகவே முடியாது என்பதை நம் பிள்ளைகள் சொல்லும்போது, அண்ணலே அவர்கள் பக்கம் நிற்பதாகத் தோன்றும்.

ஆனால் வரம்பு எதற்காக என்பதில்தான் வேறுபாடு. ரூபாய் சரிந்ததால் ஏற்றுமதி கொழித்தது, நாடு லாபம் கண்டது என்ற அக்கால வாதத்தை அவர் பிரித்துப் பார்த்தார். விலை முன்னே ஓடுகிறது, கூலி பின்னே நொண்டுகிறது. அந்த இடைவெளிதான் லாபமாகத் தெரிகிறது. அது நாட்டின் லாபம் அல்ல, உழைப்பவரிடமிருந்து முதலாளிக்குப் போனது என்று காட்டினார். ஆக, காசின் வாங்கும் சக்தி ஆடாமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த வரம்பு. பிட்காயினுக்கு வரம்பு இருக்கிறது, நிதானம் இல்லை. 2021 நவம்பரில் 69,000 டாலரை ஒட்டி நின்றது, ஓராண்டில் 16,000 டாலர் அளவுக்கு விழுந்தது. திங்கட்கிழமை வாங்கிய கூலி சனிக்கிழமைச் சந்தைக்குள் கரைந்துபோகிற காசை அண்ணலின் பெயரால் விற்க முடியாது.

செய்து பார்த்த நாடு உண்டு. 2001 முதல் அமெரிக்க டாலரைப் புழங்கிவந்த எல் சால்வடோர், 2021 செப்டம்பர் 7 அன்று பிட்காயினையும் சட்டபூர்வ நாணயமாக்கியது. அரசின் கைப்பேசிப் பையைத் திறந்தவர்களுக்கு 30 டாலர் மதிப்பில் பிட்காயின் தந்தார்கள். வெளிநாட்டு உழைப்பாளிகள் ஊருக்கு அனுப்பும் பணம் செலவின்றி வந்து சேரும் என்றார்கள். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நம் ஊர்களுக்கும் இனிக்கும் வாக்குறுதி. ஆனால் அந்தச் சட்டமே கணக்கு வழக்குக்கு டாலரைத்தான் அளவாக வைத்தது. மரக்கால் மாறவே இல்லை. பெரும்பாலோர் அதைப் புழங்கவும் இல்லை. பன்னாட்டு நிதியத்திடம் 140 கோடி டாலர் கடன் பெறும் உடன்பாட்டின்படி, பிட்காயினை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நீக்கியது. 2022 ஏப்ரலில் இதே வழியில் இறங்கிய மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு மறு ஆண்டே பின்வாங்கிவிட்டது. ஒரு நாடு ஏற்க முடியுமா என்றால், சட்டம் போட முடியும். கூலியையும் அரிசி விலையையும் அதில் சொல்லவைக்க முடியவில்லை.

நம் ரூபாய் மட்டும் யோக்கியமா என்று கேட்பார்கள். இல்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமற்போனபின், நாள்கூலிக்குப் போகிற நம் பெண்கள் வேலையும் இழந்து வரிசையிலும் நின்றார்கள். அதை மறைத்துப் பேசினால் இந்தப் பேருரைக்கே மரியாதை இல்லை.

ஆனால் மாஞ்சோலையை நினைத்துப் பாருங்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காட்டில் எழுந்த தேயிலைத் தோட்டம். விலைவாசி ஏற யாரும் மனு கொடுக்க வேண்டியதில்லை. கூலி ஏறத்தான் ஊர்வலம் வேண்டும். கூலி உயர்வும், சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டு, 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். தடியடியில் ஆற்றுக்குள் துரத்தப்பட்டு, கைக்குழந்தை உட்பட 17 பேர் மாண்டார்கள். ரூபாய்க்கு அப்படி ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் நம்மை அடித்தார்கள் என்பதும் உண்மை. பிட்காயினில் கூலி சரிந்தால் எந்த அலுவலகத்துக்கு நடப்பது என்று, அதை நம்புகிற பிள்ளைகளிடம் நாம் கேட்டோம். இதுவரை பதில் வரவில்லை.