ஒதியின் சருகில் ஒரு பேரினம்

ஒதிய மரத்தை நாம் ஒருபோதும் மதித்ததில்லை. எவ்வளவு பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்று பழமொழி சொல்லி ஒதுக்கிவிட்டோம். போத்தை வெட்டி வேலியோரம் ஊன்றினால் தழைத்துவிடும் என்பது மட்டுமே அதற்கு நாம் அளித்த நற்சான்று. இலை முழுவதையும் உதிர்த்து மொட்டையாய் நிற்கும் அம்மரம், அறிவியலின் ஏடுகளில் இடம்பெற்ற கதை வேறு விதமானது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ இதற்கு 'ஓடினா வோடியர்' எனப் பெயரிட்டார். இரு சொற்களிலுமே நம் 'ஒதிய' என்ற ஒலி கேட்கிறது.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. வி. சுப்பிரமணியன், ஒதியிலையில் வளர்ந்திருந்த நுண்பூஞ்சை ஒன்றை விவரித்து, அதற்கென ஒரு புதிய பேரினத்தையே நிறுவினார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. 1882இல் பென்சிக் என்பவர் வரையறுத்த 'பெல்ட்ரானியா'வுக்கு இது நெருங்கிய உறவு. ஆகவே 'பெல்ட்ரானியெல்லா' என்றும், மரத்தின் பெயரால் 'ஓடினே' என்றும் அழைத்தார். மூத்ததன் வித்துத்துகள் இருபுறமும் கூம்பியது. இளையதன் துகளோ பம்பரம் போன்றது, குறுக்கே வெளிறிய பட்டை ஒன்றை உடையது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் இத்துகள்கள் 30, 40ஐ வரிசையாக நிறுத்திவிடலாம். கரிய முட்கள் போன்ற இழைகளுக்கிடையே இவை தோன்றுகின்றன. உதிர்ந்த இலையைச் சிதைத்து மண்ணுக்குத் திருப்பித் தருவதே இப்பேரினத்தின் தொழில்.

பாலினப் பருவம் அறியப்படாத இத்தகைய பூஞ்சைகளை அக்கால அறிஞர்கள் 'முழுமையற்ற பூஞ்சைகள்' என்று தனிக்கூடையில் போட்டு வைத்திருந்தனர். துகளின் நிறமும் வடிவமுமே அவற்றைப் பிரிக்கும் அளவுகோல்கள். துகள் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கவேண்டும் என 1953இல் கனடாவிலிருந்து ஸ்டான்லி ஹியூஸ் வாதிட்டார். அவ்வழியில் 1962இல் சுப்பிரமணியன் ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார். 1971இல் 'ஹைபோமைசீட்ஸ்' என்ற பெருநூலையும் வெளியிட்டார். 2016இல் அவர் மறைந்தார்.

அதற்குள் அந்தப் பழைய கூடையும் கலைந்துவிட்டது. மரபணு ஆய்வு உறவுகளைக் காட்டித்தர, ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று 2011இல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு விதி செய்தது. முழுமையின்மை பூஞ்சையிடம் இல்லை, நம் அறிவில்தான் இருந்தது. உத்தரத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு ஒதியைப் பழித்ததும் அப்படிப்பட்டதுதானே?

மரத்தின் பெயரும் மாறிவிட்டது. இன்று அது 'லானியா கோரமண்டலிக்கா'. ஓடினாவும் இல்லை, வோடியரும் இல்லை. ஆனால் தங்கும் மரத்தின் பெயர் மாறினாலும் பூஞ்சையின் பெயர் மாறாது என்பது பெயரிடல் மரபு. எனவே மரம் இழந்துவிட்ட அந்தப் பெயரை அதன் சருகில் வாழும் 'பெல்ட்ரானியெல்லா ஓடினே' இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.