‘பவர் பிளக்’ என்னும் பெயரின் வரலாறு

சென்ற மழைக்காலத்தில், நெருளில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழே ஒரு கேரவன் வந்து நின்றது. பழைய வேன் ஒன்றைப் படுக்கை, குளிர்பதனப் பெட்டி, ஏசி எனக் குடியிருக்கத் தக்கதாக மாற்றியிருந்தார் உரிமையாளர். அதற்கான மின்சாரம் முதல் மாடிச் சமையலறையின் பவர் பிளக்கிலிருந்து, பால்கனி வழியாகத் தொங்கிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் இறங்கிற்று.

அதை ஏன் ‘பவர்’ பிளக் என்கிறோம்? சிறிய பிளக்கிலும் ஓடுவது அதே மின்சாரந்தானே? இப்பிரிவு பொறியியலால் மட்டும் விளைந்ததன்று, கட்டணத்தாலும் விளைந்தது. காலனிய நகரங்களில் விளக்குக்கான மின்சாரம் விலை மிகுந்தது. மோட்டாருக்கும் வெப்பக் கருவிகளுக்கும் உரிய ‘பவர்’ மலிவானது. எனவே ஒரே வீட்டில் இருவகைக் கம்பியிணைப்பு, சில வீடுகளில் இரண்டு மீட்டர். பிரிட்டன் 1934இல் வகுத்த பி.எஸ். 546 தரம் உருளை முனைப் பிளக்குகளை 2, 5, 15, 30 ஆம்பியர் என அளவுபடுத்தியது. 1947இல் அந்நாடே சதுரமுனை கொண்ட 13 ஆம்பியர் பிளக்குக்கு மாறத் தொடங்கியது. அதே ஆண்டில் விடுதலை பெற்ற நாமோ உருளை முனையை விடவில்லை; நம் ஐ.எஸ். 1293 தரத்தில் அது 6, 16 ஆம்பியராகத் தொடர்கிறது. (தென்னாப்பிரிக்காவும் நம் கூட்டாளி.)

இந்தப் பழைமை கேரவனுக்கு ஒருவகையில் நற்பேறு. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் 3,680 வாட். அமெரிக்கச் சிறு கேரவன்களின் 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் தருவது 3,600 வாட்தான். அங்கே அந்த 30 ஆம்பியர் சாக்கெட்டை 240 வோல்ட்டுக்குரியதென எண்ணி இணைத்து, வண்டிக் கருவிகளை எரித்துவிடும் பிழை பெயர்பெற்றது. நமக்கு அக்குழப்பம் இல்லை.

நமது ஆபத்து எர்த்தில் இருக்கிறது. மூன்றாம் முனை நீளமாக இருப்பது, செருகும்போது எர்த் முதலில் தொடவும் பிடுங்கும்போது கடைசியில் விலகவுமே. இடையில் ஓர் இருமுனை அடாப்டர் நுழைந்தால் அவ்வேற்பாடு வீண். வண்டியோ ரப்பர் சக்கரத்தில் நிற்கிறது. உள்ளே கசிவு ஏற்பட்டால் உலோக உடல் முழுதும் மின்னேறி நிற்கும். ஈரத்தரையில் நின்று கதவைத் தொடுபவரே நிலத்துக்குப் பாதையாவார். வீட்டுச் சுவரில் பதித்த கருவிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிகள் எர்த் கசிவுத் தடுப்பை வலியுறுத்தியபோதும், 250 வோல்ட்டுக்கு உட்பட்ட, 5 கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்புகளுக்கு விலக்களித்தன. நம் சிறு வீடுகள் பலவும் அப்போது அவ்விலக்குக்குள் அடங்கியிருந்தன.

பிறகு அவர் முறையான வழிக்கு வந்தார். தம் மீட்டரிலிருந்து தனி 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், 16 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., எர்த் சோதனை, வண்டி நிறுத்துமிடச் சுவரில் மழை புகாத நீலநிற மூன்றுமுனைத் தொழிற்சாலை சாக்கெட். ஐரோப்பியக் கேரவன் முகாம்களில் உள்ளதும் இவ்வகையே.

கம்பி இழுப்பதைவிடக் கடினமாயிருந்தது சங்கத்தின் இசைவு. மின்வாகனத்தை வீட்டில் மின்னேற்ற அனுமதிக்கும் வழிகாட்டுதல் மத்திய மின்துறையிடமிருந்து 2018 டிசம்பரிலேயே வந்துவிட்டது. டீசலில் ஓடி, நின்றபின் மின்சாரம் கேட்கும் வண்டிக்கு அதில் இடமில்லை. இரண்டு கூட்டங்கள் விவாதித்த குழு, இறுதியில் அந்த சாக்கெட்டை ‘மின்வாகன மின்னேற்றி’ என்றே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டது.