நெம்மேலி கடல்நீர்க் குடிநீர் நிலையங்கள்

நெம்மேலி, செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே உள்ள கடலோர ஊர். கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். சவுக்கும் தென்னையும் மணல்மேடும் மீனவர் குப்பங்களுமாக இருந்த இந்தக் கரையில் 2013 முதல் கடல்நீர் குடிநீராகி, குழாய் வழியே தென்சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வளரும் பொருளாதாரங்களில் தொழிலும் தொழில்நுட்பமும் வளர்ச்சியும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று ஆராய விரும்புபவருக்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான களம் அரிது. வெளிநாட்டுக் கடன், இறக்குமதியான நுட்பம், சென்னையில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு நிறுவனம், தாகம் கொண்ட மாநகரம், அலைவாயில் வாழும் மக்கள் ஆகிய எல்லாமே இங்கே சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

சென்னைக்கு வற்றாத ஆறு கிடையாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளும், 1996-ல் வரத் தொடங்கிய கிருஷ்ணா நீரும், 2004-ல் வந்து சேர்ந்த வீராணம் நீரும் பருவமழையை நம்பியே நிற்பவை. மழை பொய்த்தால் நகரம் தவிக்கும். 2019 கோடையில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் சென்னைக்கு வந்தது. ஒரு நடையில் வந்தது 25 லட்சம் லிட்டர். நெம்மேலியின் முதல் நிலையம் முழுத் திறனில் ஓடினால் ஒரே நாளில் தருவது 10 கோடி லிட்டர். அதாவது அப்படிப்பட்ட நாற்பது ரயில் நடைகள். மழையைப் பார்க்காமல் ஓடும் நீர் என்பதால்தான், விலை கூடுதலானாலும் சென்னைக் குடிநீர் வாரியம் கடலை நோக்கித் திரும்பியது.

முதலில் திரும்பிய இடம் வடக்கே. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் 2010 ஜூலையில் முதல்வர் மு. கருணாநிதியால் திறக்கப்பட்டது. ஹைதராபாத்தின் ஐ.வி.ஆர்.சி.எல். நிறுவனமும் ஸ்பெயினின் பெஃபேசாவும் சேர்ந்து கட்டிய நிலையம் அது. கட்டுவது, சொந்தமாக வைத்திருப்பது, நடத்துவது எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. வாரியம் 25 ஆண்டுகளுக்கு நீரை விலைக்கு வாங்கும். தொடக்க விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு.

நெம்மேலியில் கணக்கு வேறு. மத்திய அரசு ஒப்புதல் அளித்த 871.24 கோடி ரூபாய்த் திட்டத்தில், நிலையம் வாரியத்தின் சொத்தாகவே கட்டப்பட்டது. ஆளவந்தார் நாயகர் அறக்கட்டளைக்கு உரிய, ஏறத்தாழ 40 ஏக்கர் நிலம் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. வி.ஏ. டெக் வாபாக் நிறுவனமும் இஸ்ரேலின் ஐ.டி.இ. நிறுவனமும் வடிவமைத்துக் கட்டி, சில ஆண்டுகள் நடத்தித் தரும் ஒப்பந்தம். 2010 பிப்ரவரியில் அடிக்கல். 2013 பிப்ரவரி 22 அன்று முதல்வர் ஜெயலலிதா திறந்துவைத்தார். அடையாறு, வேளச்சேரி, திருவான்மியூர், பெசன்ட் நகர், தகவல் தொழில்நுட்பச் சாலை எனத் தென்சென்னைக்கு நீர் போனது.

இரண்டு ஏற்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஆய்வாளருக்கு நல்ல பாடம். மீஞ்சூர் முறையில் தொடக்க முதலீட்டுச் சுமை அரசின்மேல் விழவில்லை. ஆனால் 25 ஆண்டு ஒப்பந்தம் என்பது, அந்த 25 ஆண்டும் நிறுவனம் நலமாக இருக்கும் என்ற நம்பிக்கை. பெஃபேசாவின் நீர்ப்பிரிவு சேர்ந்திருந்த அபெங்கோவா குழுமம் 2015 நவம்பரில் கடன்காரர்களிடமிருந்து சட்டப் பாதுகாப்பு கேட்டது. ஐ.வி.ஆர்.சி.எல். 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. நகரத்தின் குடிநீர் நின்றுவிடவில்லை. ஆனாலும் ஹைதராபாத்திலும் செவிய்யாவிலும் நடக்கும் கடன் விவகாரம் சென்னையின் தண்ணீர்க் கணக்கைத் தொடும் என்பது வெளிச்சமானது. அடுத்தடுத்து நெம்மேலிப் பகுதியில் கட்டிய, கட்டிவரும் நிலையங்களை வாரியம் தன் சொத்தாகவே வைத்துக்கொண்டது. அது சரியான முடிவு.

கடல்நீர் குடிநீராகும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். கடலுக்குள் நீளும் குழாய் வழியே நீர் உள்ளே வரும். மண்ணும் பாசியும் நுண்ணுயிரும் பல கட்ட வடிகட்டலில் நீங்கும். பிறகு, வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 60 மடங்கு அழுத்தத்தில் நீர் மெல்லிய சவ்வுகளின்மேல் தள்ளப்படும். லிட்டருக்கு 35 கிராமுக்குக் குறையாத உப்புள்ள நீர், மறுபக்கம் அரை கிராமுக்கும் குறைவான உப்போடு வெளிவரும். இதுதான் வீட்டுச் சமையலறைகளிலும் ஆர்.ஓ. என்று அறிமுகமான எதிர் சவ்வூடுபரவல். இந்த நீர் அளவுக்கு மீறித் தூய்மையானது என்பதால் சுண்ணாம்புச் சத்து சேர்த்தே குழாயில் விடுகிறார்கள். உள்ளே வந்த நீரில் பாதிக்கும் குறைவே குடிநீராகும். மிச்சம், கடலைப்போல ஏறத்தாழ இரு மடங்கு உப்புடன் மறுபடி கடலுக்கே போகும்.

செலவின் பெரும்பகுதி மின்சாரம். இக்காலத்து நிலையங்களில் ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். வெளியேறும் உவர்நீரில் எஞ்சியிருக்கும் அழுத்தத்தைப் பிடித்து, உள்ளே வரும் நீருக்கு மாற்றிக் கொடுக்கும் கருவிகள் வந்த பிறகே செலவு இந்த அளவுக்கு இறங்கியது. அப்படியும் 10 கோடி லிட்டருக்கு நாள்தோறும் 3 முதல் 4 லட்சம் யூனிட் தேவை. அனல்மின்சாரத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் மாநிலத்தில், மழைக்குறையை நிலக்கரியால் ஈடுசெய்கிறோம் என்பதே இதன் பொருள்.

இந்தச் சவ்வின் பிறப்பில் ஓர் இந்தியரின் பங்கு உண்டு. பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டிய செய்தி அது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 1959-60 வாக்கில் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வுதான் இந்த முறையை ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்குக் கொண்டுவந்தது. 1965-ல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூருக்கு அவ்வழியில் குடிநீர் கிடைத்தது. பின்னாளில் சௌரிராஜன் கனடாவின் தேசிய ஆய்வுக் கழகத்தில் பணியாற்றினார். இந்தியாவிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆய்வு நிலையம் பல பத்தாண்டுகளாகச் சவ்வு ஆய்வில் இருக்கிறது. நெம்மேலிக்குத் தெற்கே கல்பாக்கத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையம் நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் திறனில், ஆவியாக்கும் முறையையும் சவ்வு முறையையும் சேர்த்து ஒரு செயல்விளக்க நிலையம் அமைத்தது. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில், கடலின் மேல்மட்ட, ஆழ்மட்ட வெப்ப வேறுபாட்டைக் கொண்டே நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் எடுத்துக் காட்டியது. ஆனால் மாநகர அளவுக்கு வந்தபோது வெளிநாட்டுக் கூட்டாளிகளைத்தான் நாடினோம். அறிவு இருந்தது, அதைப் பெருந்தொழிலாக்கும் பொறுமையான முதலீடு இல்லை.

விதிவிலக்காக நிற்பது வாபாக்கின் கதை. 1924-ல் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் தொடங்கிய நிறுவனம், பல கைகள் மாறி ஆஸ்திரியக் குழுமமான வி.ஏ. டெக்கிடம் வந்தது. அந்தக் குழுமத்தை 2005-ல் சீமென்ஸ் வாங்கிய காலத்தில், வாபாக்கின் இந்தியக் கிளையை ராஜீவ் மித்தல் தலைமையிலான அதன் மேலாளர்களே, ஐசிஐசிஐ வென்ச்சர் நிதியின் துணையோடு வாங்கினார்கள். இரண்டே ஆண்டில், 2007-ல், வியன்னாவில் இருந்த தாய் நிறுவனத்தையும் சீமென்ஸிடமிருந்து வாங்கிவிட்டார்கள். இன்று சென்னையைத் தலைமையகமாகக் கொண்டு பல நாடுகளில் நீர் நிலையங்கள் கட்டும் நிறுவனம் அது. 1981-ல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஆன்டுவான் வான் அக்ட்மேல் ‘வளர்ந்துவரும் சந்தைகள்’ என்ற பெயரைச் சூட்டியபோது, அவை மேலைநாட்டு முதலீடு வந்து சேரும் இடங்களாகவே கருதப்பட்டன. கிளை, தாயை வாங்கும் என்று அன்று எண்ணியவர் குறைவு.

நெம்மேலியின் இரண்டாம் நிலையத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வளர்ச்சி வங்கி கடன் தந்தது. ஸ்பெயினின் கோப்ரா, டெடாகுவா நிறுவனங்கள் கட்டின. 2019 ஜூனில், அந்தக் கொடும் வறட்சியின் நடுவே, முதல்வர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024 பிப்ரவரி 24 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். செலவு 1,516.82 கோடி ரூபாய். திறன் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர். பயன்பெறுவோர் சுமார் 9 லட்சம் பேர் என்பது அரசு தந்த கணக்கு. லாரித் தண்ணீரையே நம்பியிருந்த மேடவாக்கம், கோவிலம்பாக்கம், மடிப்பாக்கம் போன்ற புறநகர்களுக்கு இது சிறிய செய்தியல்ல. அருகிலேயே பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 4,276.44 கோடி ரூபாய். கடன் தருவது ஜப்பானின் ஜைக்கா. கட்டும் பணி வாபாக், துபாயின் மெட்டிட்டோ கூட்டணியிடம். அதுவும் ஓடத் தொடங்கினால், இந்தச் சிறு கரைத்துண்டிலிருந்து மட்டும் நாளொன்றுக்கு 65 கோடி லிட்டர் குடிநீர் கிடைக்கும். அதைவிட அதிக அளவு உவர்நீர் திரும்பக் கடலுக்குள் போகும்.

இங்கேதான் சூளேரிக்காட்டுக்குப்பத்தின் குரலுக்கு வர வேண்டும். முதல் நிலையத்தை ஒட்டிய மீனவர் குப்பம் அது. கடலில் குழாய் பதிக்கும் வேலை நடந்த காலத்திலிருந்தே தங்கள் கரை அரிக்கப்படுவதாகவும், படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த மணல்வெளி போய்விட்டதாகவும், உவர்நீர் விடும் பக்கம் மீனும் நண்டும் குறைந்ததாகவும் குப்பத்து மக்கள் முறையிட்டார்கள், போராடினார்கள். கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் கொட்டிய கரையில் கரைவலை இழுக்க முடியாது என்பது கடலோரத்தில் குழந்தைக்கும் தெரியும்.

அரிப்புக்கு ஒரே காரணத்தைக் காட்டுவது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. நடுவே எந்தக் கட்டுமானம் நீண்டாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் எழுந்த பிறகு மெரினா அகன்றதும் ராயபுரம் கரைந்ததும் அதனால்தான். 1980களின் இறுதியில் வந்த புதுச்சேரித் துறைமுகத்தின் வடபுறத்திலும் அதே கதை. நாட்டின் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளானது என்பது தேசியக் கடலோர ஆய்வு மையத்தின் நீண்டகால அளவீடு. ஆகவே குப்பத்தின் இழப்பில் குழாயின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, வேலை தொடங்கும் முன்பே எடுத்த தொடர் அளவீடு வேண்டும். கரை எங்கே இருந்தது, எந்தப் பருவத்தில் என்ன மீன் எவ்வளவு கிடைத்தது என்ற பதிவு இல்லாமல், நடந்ததை நிரூபிக்கும் பாரம் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழுகிறது.

அத்தகைய அளவீடு முடியாத காரியமல்ல. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 1990களின் இறுதியில், கேரளத்தின் வடபகுதிக் கரையில் கைப்பேசி வருவதற்கு முன்பிருந்தே, மத்தி மீன் சந்தைகளையும் படகுகளையும் வாராவாரம் பதிவுசெய்தார். கைப்பேசி வந்த பின் என்ன மாறியது என்று 2007-ல் வெளியான அவரது ஆய்வு துல்லியமாகச் சொன்னது: சந்தைக்குச் சந்தை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது, விற்காமல் வீணான மீன் ஏறக்குறைய மறைந்தது, மீனவர் லாபம் 8 விழுக்காடு கூடியது, வாங்குவோர் தந்த விலை 4 விழுக்காடு குறைந்தது. வளரும் நாடுகளின் தொழில்நுட்பம் பற்றிய ஆய்வில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வேலை இது. இதன் மதிப்பு, கணக்கைக் கரையிலிருந்தே தொடங்கியதில் இருக்கிறது. நெம்மேலி பற்றிய பேச்சிலோ கணக்கு குழாயின் மறுமுனையில், நகரத்து வீட்டில் ஆயிரம் லிட்டருக்கு எத்தனை ரூபாய் என்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

உலக அளவிலான கணக்கும் இந்தக் குறையைத் தீர்க்காது. ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, உலகில் ஏறத்தாழ 16,000 உப்புநீக்கு நிலையங்கள் நாளொன்றுக்கு 9.5 கோடி கன மீட்டர் நன்னீர் தருகின்றன; வெளியேற்றும் உவர்க்கழிவு 14.2 கோடி கன மீட்டர். அந்தக் கழிவில் பாதிக்கு மேல் சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார் ஆகிய நான்கு நாடுகளுடையது. கட்டுமரமும் பைபர் படகும் கரையோரத்திலேயே தொழில்செய்யும் தமிழகக் கடலுக்கு, வளைகுடா அனுபவத்தை அப்படியே பொருத்திவிட முடியாது.

மாற்று வழியையும் சென்னையே காட்டியிருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீர், அதே சவ்வு முறையில் தூய்மையாகி மணலி, திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கழிவுநீரில் உப்பு குறைவு. தள்ள வேண்டிய அழுத்தமும், அதனால் மின்சாரமும் குறைவு. தொழிற்சாலைக்குப் போகும் ஒவ்வொரு லிட்டரும் ஏரியில் ஒரு லிட்டர் குடிநீரை மிச்சப்படுத்துகிறது. இந்த வழியை இன்னும் அகலமாக்காமல் கடலோரத்தில் நிலையத்தின்மேல் நிலையம் அடுக்குவது, கடன் கிடைக்கும் திசையில் திட்டம் நகர்கிறதோ என்ற கேள்வியை எழுப்புகிறது.

பேரூர் நிலையம் ஓடத் தொடங்கும் முன் இன்னும் காலம் இருக்கிறது. வாரியமும், அருகே பள்ளிக்கரணையிலேயே இருக்கும் தேசியக் கடலோர ஆய்வு மையமும், மாநிலப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, கோவளம் முதல் மாமல்லபுரம் வரை ஒவ்வொரு குப்பத்திலும் கரையின் அகலத்தையும் மீன்பாட்டையும் கடலின் உப்பையும் மாதந்தோறும் அளந்து, குப்பத்துப் பஞ்சாயத்தார் படிக்கும்படி தமிழில் வெளியிட வேண்டும்.