பாடியவர் யார்? பாடப்பட்டவர் யார்?

குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் இருந்தாலும், தோட்டத்து லயத்தில் இருந்தாலும், பாட்டி பாடிய ஒரு பாட்டாவது உங்கள் நினைவில் இருக்கும். உழைப்பாளியைப் பற்றிய பாட்டை எழுதியவர் யார், அதை ஒலித்தட்டில் பாடியவர் யார் என்பதை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவில் ஸ்டீபன் ஃபாஸ்டர் (1826–1864) என்ற வெள்ளைக்காரப் பாடலாசிரியர் இருந்தார். அக்காலத்தில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைப் போல் ஆடிப்பாடிக் கேலி செய்வார்கள். அத்தகைய ‘மின்ஸ்ட்ரல்’ குழுக்களுக்கு அவர் பாட்டு எழுதினார். தோட்டத்து அடிமை ஒருவன் பழைய வீட்டை நினைத்து ஏங்கும் ‘ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்’ 1851இல் வெளிவந்தது. அதில் வரும் ஆற்றை அவர் கண்டதே இல்லை. அச்சிட்ட தாளில் அவர் பெயரும் இல்லை. குழுத் தலைவர் கிறிஸ்டியின் பெயரே இருந்தது. ஃபாஸ்டர் இறந்தபோது அவர் கையில் இருந்தது 38 சென்ட்.

எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். 1890களில் ஃபாஸ்டரின் பாடல்கள் மெழுகு உருளைகளில் பதிவாயின. பாடியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையரே. அடிமையின் ஏக்கம் விலை போயிற்று. அவன் குரல் கேட்கவில்லை. பின்னர் 1937இல் கறுப்பினக் கலைஞர்களான லூயி ஆம்ஸ்ட்ராங்கும் மில்ஸ் சகோதரர்களும் அதே பாட்டைப் பதிவு செய்தனர்.

நம் பக்கம் வருவோம். 1902இல் கல்கத்தாவில் பதிவு செய்த கெய்ஸ்பெர்க், 1903இல் சிங்கப்பூருக்கும் வந்து பாட்டுகளைப் பதிவு செய்தார். தமிழில் கோபாலகிருஷ்ண பாரதியார், தில்லை காணத் துடித்த பண்ணையாள் நந்தனின் கதையை 19ஆம் நூற்றாண்டில் கீர்த்தனைகளாகப் பாடினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்ற ஆண்டையைப் படைத்து, விடுப்பு மறுக்கப்படும் வேதனையைக் காட்டினார். ‘நந்தனார்’ படங்களில் 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாக நடித்துப் பாடினார்கள். பாரதியார் கேலி செய்யவில்லை, உருகினார். ஆயினும் இங்கும் பாடப்பட்டவன் ஒருவன், பாடியவர் வேறொருவர்.

தோட்டத்து மக்கள் தாமே கட்டிய பாட்டுகளும் உண்டு. இலங்கையில் சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் திரட்டி, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என 1983இல் நூலாக்கினார். ஆனால் ஏட்டில் சொல் நிற்கும், குரல் நிற்காது.

ஆகவே, வீட்டில் மூத்தவர்கள் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் இன்றே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு மூன்றையும் உடன் எழுதி வையுங்கள். நம் பாட்டு நம் குரலிலேயே நிலைக்கட்டும்.