கீசகனுக்குள் கர்சன்: பெயர் சொல்லாத ஒரு நாடகம்

1907இல் மராத்தி மேடை கண்ட 'கீசகவதம்' நாடகத்தின் அச்சுப் படியில் கர்சன் பிரபுவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. விராடன் அரண்மனையில் நிகழும் பாரதக் கதையே அது. ஆயினும் 1910இல் ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. சொல்லப்படாத பெயர் அரசின் காதில் எவ்வாறு விழுந்தது?

ஆசிரியர் கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர், புனேயில் திலகரின் 'கேசரி' இதழில் பணியாற்றியவர். 1905இல் வங்கத்தைப் பிரித்த கர்சன் அவ்வாண்டே பதவி விலகிச் சென்றிருந்தார். நாடகம் பார்த்தோர் கீசகனில் கர்சனையும், திரௌபதியில் இந்தியாவையும், தருமனில் மிதவாதிகளையும், வீமனில் தீவிரப் பிரிவினரையும் கண்டனர். இந்த இணைகளை 1910 சனவரியில் லண்டன் 'டைம்ஸ்' வெளிப்படையாக விளக்கி எழுதியது. எதிர்த்தரப்பே உரையாசிரியராக அமைந்த விந்தை இது.

தணிக்கைக்கு அஞ்சிப் புராணத்தைத் திரையாக்கினார் என்பதே வழக்கமான விளக்கம். அது போதாது என்பது என் கருத்து. திரையே நோக்கமென்றால் எந்தப் பருவமும் பயன்பட்டிருக்கும். கௌரவர் சபையில் திரௌபதியை அவமதிப்போர் அவளுடைய உறவினர். விராட நகரிலோ அவமதிப்பவன் மன்னனின் மைத்துனன், படைத்தலைவன். மன்னனே அவனைத் தட்டிக்கேட்கத் துணியாதவன். தொலைவிலுள்ள முடியையும் அதன் பெயரால் ஆளும் வைசிராயையும் பொருத்திப் பார்க்க இதைவிட ஏற்ற கதை இல்லை. காப்பாற்றக் கடமைப்பட்ட கணவர்கள் அருகிலேயே இருந்தும் மாறுவேடத்தில் கட்டுண்டு கிடக்கின்றனர். வியாச பாரதத்தில், அவையில் முறையிடும் திரௌபதியைக் கங்கனாக வேடமிட்ட தருமன், காலம் அறியாமல் நாடகக்காரியைப் போல அழுவதாகக் கடிந்துகொள்கிறான். மிதவாதியைக் காட்ட இதற்குமேல் எதையும் புதிதாகச் சேர்க்கவேண்டியதில்லை!

மேலும், விராட பருவத்தில் பாண்டவர் அனைவரும் பொய்ப்பெயரில் உலவுகின்றனர். பெயருக்குப் பின்னால் வேறொருவரைக் காணப் பார்வையாளர் முன்பே பழகியவர்கள். காடில்கர் சேர்த்தது இன்னோர் அடுக்கு மட்டுமே. தொல்காப்பியம் கூறும் உள்ளுறை உவமத்துக்கு இது மிக நெருக்கமானது. உவமை மட்டும் சொல்லப்படும். பொருளைக் கேட்போர் தம் பொது அறிவால் நிரப்பிக்கொள்வர். 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் சொல்லைத் தடுக்கவல்லது. கேட்போர் நிரப்பிக்கொள்வதைத் தடுக்க நாடகத்தையே நிறுத்தவேண்டியிருந்தது.

புதுச்சேரியிலிருந்த பாரதியும் 1912இல் 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகத்தை வெளியிட்டார். அங்கும் திரௌபதியில் பாரத தேவி தெரிகிறாள். ஆனால் பாரதியின் காவியம் சபதத்தோடு நிற்கிறது, காடில்கரின் நாடகம் வதத்தில் முடிகிறது. தனியே படிக்கும் சபதமும் நிறைந்த அரங்கில் காணும் வதமும் ஆட்சியாளருக்கு ஒன்றல்ல.

ஒரு கிளைச்செய்தி. தமிழகத்தின் முதல் மௌனக் கதைப்படமும் 'கீசக வதம்'தான். 1910களின் பிற்பகுதியில் அதைச் சென்னையில் எடுத்த ஆர். நடராஜ முதலியார், ஒளிப்பதிவைப் புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் கற்றவர். அந்த ஸ்மித், கர்சனைப் பற்றிய ஆவணப்படத்தில் பணியாற்றியவர். முதலியாரின் படச்சுருள் இன்று எங்கும் இல்லை.